டர்பனில் பழைய தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடை: ஒரு தையல் தொழிலாளியின் மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நாம் இன்றும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்கிற டாக்டர் யூசுப் தாதூ தெருவுக்குப் பக்கத்தில், துணிக்கடைகளுக்கு மேலே முதல் மாடியில், பழைய தையல் மிஷின்களைப் பழுதுபார்த்துத் தரும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, மாடிப்படியின் தொடக்கத்தில் ஒரு மிஷினின் கைச்சக்கரத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். என் ஆயாவின் சிங்கர் மிதி மிஷினை அங்கே கொடுத்து, ஐந்து வாரம் கழித்து வாங்கி வந்து, மூன்று மாதமாக அதில் தைத்துக்கொண்டிருக்கிறேன். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பெற்றோர்களில் பலர் அந்தக் கடையைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டதால், விவரமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. வேலை மிக நன்றாக இருந்தது, கூலி நியாயமானது, சொன்ன நாளில் தரவில்லை. அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்கள் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கடையின் வேலை ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், துணி ஆலைகள் மூடியபோது அங்கே இருந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் மிஷினைப் பற்றி. என் அப்பாவைப் பெற்ற ஆயா, 1950-களின் தொடக்கத்தில், தாத்தா டர்பன் நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மேகசின் பாரக்ஸ் குடியிருப்பின் ஒற்றை அறையில் இருந்துகொண்டு இதைத் தவணையில் வாங்கினார். தவணை முறை விற்பனையை 1850-களிலேயே தொடங்கிய நிறுவனம் சிங்கர். அது இல்லாமல் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குள் இப்படிப்பட்ட ஒரு பொருள் வந்திருக்க வழியே இல்லை. பாவாடை, ரவிக்கை, பள்ளிச் சீருடை, காவடி எடுப்பவர்களின் மஞ்சள் வேட்டிக்கு ஓரம் என்று அந்த மிஷினில் ஆயா தைத்த காசில்தான் என் அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தார். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி 1960-களில் எங்கள் ஆட்களை இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது, லாரியில் முதலில் ஏற்றியது இந்த மிஷினைத்தான் என்று அம்மா சொல்வார். நான் தையல் கற்றதும் இதில்தான்; கால் எட்டாததால் நின்றுகொண்டே மிதித்திருக்கிறேன்.

2022 ஏப்ரலில் நானூறு பேருக்கு மேல் உயிரிழந்த அந்தப் பெருவெள்ளத்தின்போது, எங்கள் வீட்டின் பின்னறைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. மிஷின் இரண்டு நாள் ஈரத்தில் நின்றது. துடைத்து வைத்தேன், ஆனால் எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்க்கும் மனநிலையில் அப்போது யாரும் இல்லை. அடுத்த ஆண்டு தொட்டபோது கைச்சக்கரம் அசையவே இல்லை. அதற்குள் தையல் வேலைக்காக ஒரு பேரங்காடியில் புதிய மின்சார மிஷின் ஒன்றை வாங்கியிருந்தேன். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பதினான்கு மாதத்தில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தது. உத்தரவாதம் பன்னிரண்டு மாதத்துக்குத்தான். பழுதுபார்க்கும் இடத்துக்கு எடுத்துச் சென்றேன். அந்தச் சக்கரத்தை மட்டும் தனியாகத் தருவதில்லை, புது மிஷின் வாங்குவதே லாபம் என்று அங்கிருந்த இளைஞர் மிக மரியாதையாகச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைத் திறந்து பார்க்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. போதாததற்கு மின்வெட்டு வேறு. ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை கரண்ட் போன நாட்களில், கல்யாணத்துக்கு ரவிக்கை கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், பின்னறையில் நிற்கும் மிதி மிஷினுக்குக் கரண்டே வேண்டாமே என்ற நினைப்பு வந்தது.

கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். தொலைபேசியில் பேசியபோதே, “அக்கா, மேஜையைத் தூக்கி வர வேண்டாம், தலையை மட்டும் கழற்றிக் கொண்டு வாருங்கள்” என்று சொல்லி, பின்பக்கக் கீல்களில் இருக்கும் இரண்டு திருகாணிகளை எப்படித் தளர்த்துவது என்றும் விளக்கினார். அவர் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான், இங்கே நம் எல்லோரையும் போல. ஆனால் அக்கா, அண்ணா, ஆயா என்ற சொற்களும் சாமான்களின் பெயர்களும் தமிழாக வந்து விழும். இரும்புத் தலையைத் துண்டில் சுற்றி, என் தம்பி மகன் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். படி செங்குத்தானது, கைப்பிடி ஆடுகிறது, மின்தூக்கி கிடையாது. வயதானவர்கள் துணையில்லாமல் போக வேண்டாம்.

அவர் அந்த மிஷினைப் பார்த்த விதத்தை நான் மறக்க மாட்டேன். கைச்சக்கரத்தைப் பலவந்தமாகத் திருப்பவில்லை. காதை அதன் பக்கத்தில் வைத்து, சக்கரத்தை ஒரு நெல்லளவு முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, இறுகியிருப்பது ஊசித்தண்டு மட்டும்தான், கீழே இருக்கும் தண்டு நன்றாக இருக்கிறது என்றார். பழைய எண்ணெய் காய்ந்து வார்னிஷ் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் வெள்ளத்து ஈரம் சேர்ந்துவிட்டது, சுத்தியலால் தட்டினால் தண்டு வளைந்துவிடும், மெதுவாகச் சூடு காட்டி எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்று விளக்கினார். உள்ளுறுப்புகளைப் பாரஃபின் என்கிற மண்ணெண்ணெயில் ஊறவைக்கலாம், ஆனால் மேலே இருக்கும் பொன்னிறப் பூவேலையில் பாரஃபின் பட்டால் அது வெளுத்துப்போகும், ஆகவே அதற்குத் தையல் மிஷின் எண்ணெயும் பஞ்சும் மட்டுமே என்றும் சொன்னார். அப்படியே செய்திருக்கிறார், திரும்பி வந்தபோது அந்தப் பூக்கள், ஆயா காலத்தில் நான் பார்த்ததைவிடப் பளிச்சென்று இருந்தன.

பிறகு அவர் மிஷினின் தூணடியில் விரலால் துடைத்து, அங்கே பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். அதன் முன்னால் ‘ஈ’ என்று தொடங்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. அப்படியானால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. மாதிரியின் பெயர் 15கே; அந்தக் ‘கே’, கிளைட்பேங்கில் ஆலை நின்ற கில்போவி என்ற இடத்தைக் குறிக்கிறது. அலமாரியிலிருந்து இன்னொரு பழைய மிஷினை எடுத்து வைத்து, அதன் எண்ணையும் காட்டினார். அது ‘ஜி’ என்று தொடங்கியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எலிசபெத் என்ற ஊரில், 1910-க்கும் 1924-க்கும் இடையில் செய்தது என்பது அதன் பொருள். இரண்டுக்கும் இன்று பேரங்காடியில் விற்கிற சாதாரண வீட்டு மிஷின் ஊசியே பொருந்துகிறது. நூறு வயதுள்ள ஓர் இரும்புப் பொருளுக்கு, போன வாரம் வாங்கிய ஊசி பொருந்துகிறது என்றால், அதைச் செய்தவர்களின் அளவுக் கணக்கு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த இரண்டு ஊர்களைப் பற்றியும் பிறகு நான் தேடிப் படித்தேன். எலிசபெத் ஆலை 1873-இல் திறந்தது, 1982-இல் மூடியது. கிளைட்பேங்க் ஆலை 1885-இல் தொடங்கி 1980-இல் மூடியது. கட்டடம்கூட இப்போது இல்லை, ஆனால் ஊரின் ரயில் நிலையத்துக்கு இன்னும் சிங்கர் என்றுதான் பெயர். மூடியதற்குத் தொழிலாளிகளின் கை குறைந்துபோனது காரணம் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய ஆலைகள், என் ஆயாவிடம் இருந்த இந்த 15-ஆம் மாதிரியையே அச்செடுத்தாற்போலச் செய்து, அமெரிக்காவிலேயே மலிவாக விற்றன. போட்டி வந்த அந்தக் காலத்தில் நிறுவனம் கணக்கு மிஷின், விமானிகளுக்கான பயிற்சிக் கருவி, ராணுவ மின்னணுச் சாதனம் என்று வேறு துறைகளில் பணத்தைப் போட்டுக்கொண்டு போய், எலிசபெத் ஆலையை மூடிய நான்காவது ஆண்டில், அதாவது 1986-இல், தையல் மிஷின் தொழிலையே தனியாகப் பிரித்து விட்டுவிட்டது. முடிவெடுத்தவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். ஊசித்தண்டைக் கடைந்தவர்களும் பூவேலை ஒட்டியவர்களும் எங்கே போக முடியும்?

1911 மார்ச் மாதத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கிளைட்பேங்க் ஆலையில், மிஷின் பெட்டிகளுக்கு மெருகேற்றும் பெண்கள் பன்னிரண்டு பேர், ஆளைக் குறைத்து அதே வேலையை அவர்கள் தலையில் ஏற்றியதை எதிர்த்து வெளியே வந்தார்கள். இரண்டொரு நாளில் சுமார் 11,000 பேர் அவர்களோடு நின்றார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, முன்னின்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் தொடங்கிய அதே வாரம், மார்ச் 25 அன்று, நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டை ஆலை தீப்பற்றியது. வெளியேறும் கதவைப் பூட்டி வைத்திருந்ததால் 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். மிஷினைச் செய்த பெண்கள் கடலுக்கு அந்தப் பக்கம் தெருவில் நின்ற அந்த நாட்களில், மிஷினில் தைத்த பெண்கள் இந்தப் பக்கம் பூட்டிய கதவுக்குப் பின்னால் எரிந்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஆலையிலும் பின்கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். துணி திருட்டுப் போகிறது என்று காரணம் சொன்னார்கள். எங்களுக்குத் தீ வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், பெயர் வேண்டாம். 1979-இல், எனக்குப் பதினேழு வயதில் சேர்ந்தேன். டர்பனில் தமிழ், தெலுங்கு, இந்தி வீடுகளிலிருந்து எத்தனையோ பெண்கள் அப்போது துணி ஆலைகளுக்குப் போனோம். பஸ்ஸில் காலை ஆறு மணிக்கே பாதி சாட்ஸ்வர்த் இருக்கும். காலர் வைப்பது என் வேலை. பண்டில் பண்டிலாக வரும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று டார்கெட். கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் ஒரு வில்லை வாங்க வேண்டும், ஒரு வரிசைக்கு ஒரே வில்லை. மாலையில் வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். இவ்வளவும் இருந்தும் அந்த வேலையை நான் விரும்பினேன். என் காலர் முனையை வைத்தே இது யார் தைத்தது என்று சொல்லிவிடுவார்கள். சங்கம் இருந்தது, கூலி வாரந்தோறும் தவறாமல் வந்தது, அந்தக் கூலியில்தான் என் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது.

1994-க்குப் பிறகு நாடு உலக வர்த்தகத்துக்குக் கதவைத் திறந்தது. துணிகளுக்கான இறக்குமதி வரி ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 2002-க்குள் 40 சதவீதத்துக்கு வந்தது. நமக்கு வாக்குரிமை வந்த அதே ஆண்டுகளில் நம் தையல் வேலை போகத் தொடங்கியது; இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்திருப்பது எங்கள் தலைமுறைக்கு எளிதாக இருக்கவில்லை. முதலில் வாரத்தில் நான்கு நாள் வேலை, பிறகு மூன்று நாள். ஷார்ட் டைம் என்பார்கள். 2003-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குக் கூப்பிட்டு, ஆலையை மூடுகிறோம் என்றார்கள். ஆட்குறைப்புக்கு முன்னால் தொழிலாளிகளோடு கலந்து பேச வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் சொல்கிறது; எங்களிடம் பேசியது அந்த அரை மணி நேரம்தான். ஓர் ஆண்டு வேலைக்கு ஒரு வாரக் கூலி என்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த குறைந்தபட்ச இழப்பீட்டின்படி, இருபத்து நான்கு ஆண்டுக்கு இருபத்து நான்கு வாரக் கூலி கிடைத்தது. நாங்கள் வெளியே வரும்போதே ஏலத்தில் எடுத்தவர்களின் லாரி முற்றத்தில் நின்றது. என் மிஷினை, என் தலைமுடி ரப்பர் இன்னும் நூல் தண்டில் மாட்டியிருக்க, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இந்தக் கடைக்காரரும் அப்படி வெளியே வந்தவர்தான். வேறொரு ஆலையில் பத்தொன்பது ஆண்டு மிஷின் மெக்கானிக். எந்த மிஷின் எந்தச் சத்தம் போடும், எந்தப் பெண்ணின் கை வேகத்துக்கு நூலின் டென்ஷனை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. அதை எழுதி வைத்துக்கொள்ளவோ, அடுத்த ஆளுக்குக் கற்றுத்தரச் சொல்லவோ யாரும் கேட்கவில்லை. ஆலையின் சொத்துப் பட்டியலில் ஊசிப் பெட்டிகூட இருந்தது, அவருக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. இந்தக் கடையின் வேலை நன்றாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பத்தொன்பது ஆண்டுகள். அதற்கு இன்று கூலி தருபவர்கள் என்னைப் போன்ற வாடிக்கையாளர்கள்.

அமெரிக்கத் தொழிலாளிகளுக்கு நடந்ததைப் படித்தபோது, ஊர்ப் பெயர்களை மாற்றினால் எங்கள் கதை போலவே இருந்தது. 1979-இல் அங்கே ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர். 2010-இன் தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 15 லட்சம். இதில் ஒரு பகுதி புதிய மிஷின்களால் போன வேலை, எல்லாவற்றையும் இறக்குமதியின் தலையில் கட்ட முடியாது. ஆனால் தையல் வேலையில் காலர் வைப்பதற்கு இன்றும் ஒரு மனிதக் கை வேண்டியிருக்கிறது. அந்த வேலை அங்கே மறையவில்லை, கூலி குறைந்த இடம் தேடி நடந்து போயிருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நூற்பாலைகள், சங்கம் இல்லாத கரோலினாவுக்குப் போயின. பிறகு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, சீனா. டர்பன் ஆலைகளும் அப்படித்தான்: முதலில் ஹேமர்ஸ்டேல், இசிதேபே, நியூகாசில் என்று கூலி குறைந்த ஊர்களுக்கு, பிறகு எல்லை தாண்டி அண்டை நாடான லெசோத்தோவுக்கு. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் 1990-இல் லீவைஸ் ஜீன்ஸ் ஆலை மூடியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள், வேலையிழந்தார்கள். அந்த வேலை கோஸ்டா ரிக்காவுக்குப் போனது. அந்தப் பெண்கள் ஃபுயெர்சா உனிடா என்று தங்களுக்கென ஓர் அமைப்பையே தொடங்கி ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். வட கரோலினாவின் கன்னாபொலிஸ் ஊரில், என் ஆலை மூடிய அதே 2003-இல், ஜூலை 30 அன்று, பில்லோடெக்ஸ் துண்டு, படுக்கை விரிப்பு ஆலைகள் மூடின. அந்த மாநிலத்தில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் ஓர் ஆலையை மூட அறுபது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1988-இல் அங்கே சட்டம் வந்தது. ஆனால் எங்களுக்குக் கிடைத்ததைப் போல ஆண்டுக்கு ஒரு வாரக் கூலி தந்தே ஆக வேண்டும் என்று அந்தப் பணக்கார நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் இல்லை. எனக்கு இதை நம்பவே நேரமாயிற்று.

வேலை வந்து சேர்ந்த இடத்திலாவது நல்லது நடந்ததா? லெசோத்தோவில் அமெரிக்காவுக்காக ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளில், வேலை நிலைக்க வேண்டுமானால் இணங்க வேண்டும் என்று மேற்பார்வையாளர்கள் பெண்களைத் துன்புறுத்தியது 2019-இல் விசாரணையில் வெளிவந்தது; பிறகுதான் அந்த ஜீன்ஸை வாங்கும் அமெரிக்க நிறுவனங்கள் சங்கங்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசில் இருப்பவர்கள், தங்கள் நாட்டுத் தொழிலாளிக்கு வேலையைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி, அந்தச் சிறிய மலைநாட்டின் சரக்குகளுக்கு 50 சதவீத வரி என்று அறிவித்தார்கள். பின்னர் அதை 15 ஆகக் குறைத்தார்கள். சான் அன்டோனியோவின் அந்தப் பெண்களுக்கு இதனால் எந்த மிஷினும் திரும்பி வந்துவிடப்போவதில்லை. லெசோத்தோவின் பெண்களுக்கு மாதக் கூலி வருமா என்ற பயம் மட்டும் வந்தது. ஆலை மூடும்போது கேட்காதவர்கள், வரி போடும்போதும் கேட்கவில்லை.

மிஷினுக்கு வருகிறேன். ஐந்தாவது வாரம் வாங்கப் போனபோது, அவர் அதை ஒரு கடை மேஜையில் பொருத்தி, என்னையே உட்காரச் சொன்னார். முதலில் மெல்லிய பருத்தித் துணி, பிறகு நான்காக மடித்த ஜீன்ஸ் துணி, கடைசியாக நான் கொண்டுபோயிருந்த ஷிபான் சேலையின் ஓரம். ஜீன்ஸ் மடிப்பில் ஊசி திக்கவில்லை. ஷிபானில் முதல் தையல் கொஞ்சம் சுருங்கியது. அவர் பாபின் கூட்டை வெளியே எடுத்து, அதன் பக்கவாட்டில் இருக்கும் மிகச் சிறிய திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, நூலைப் பிடித்துக் கூட்டைத் தொங்கவிட்டு, கையை மெல்ல உதறியபோது அது ஓர் அங்குலம் இறங்கி நின்றதைப் பார்த்த பிறகே திரும்பப் பொருத்தினார். அடுத்த தையல் கோடு போட்டாற்போல வந்தது. நூல் இழுப்பைச் சமன் செய்யும் சுருள்கம்பியையும் தோல் பெல்ட்டையும் புதிதாகப் போட்டிருக்கிறார். மற்ற உறுப்புகள் எல்லாம் பழையவைதான், தேய்மானம் இல்லை என்று ஒவ்வொன்றையும் காட்டினார். மூன்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு ரவிக்கை, இரண்டு திரைச்சீலைத் தொகுதி, கோயில் பிள்ளைகளின் நாடக உடைகள் என்று தைத்துவிட்டேன். ஒருமுறைகூட நூல் அறுந்து சிக்கவில்லை. மின்வெட்டு வந்தால் மின்கல விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு மிதிக்கிறேன். பக்கத்து வீட்டில் எல்லாம் அடங்கிப்போன அந்த இரண்டு மணி நேரத்தில் மிதியின் சத்தம் மட்டும் கேட்கும்.

கூலி 1,450 ராண்ட். பெல்ட்டும் சுருள்கம்பியும் அதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்று கையால் எழுதிய ரசீது தந்தார். முன்பணம் முந்நூறு. காசாகத்தான் தர வேண்டும், கார்டு மிஷின் கிடையாது; தெருவில் பெரிய தொகையோடு நடக்க அஞ்சுகிறவர்களுக்கு இது ஒரு குறை. மூன்று வாரம் என்று சொல்லி ஐந்து வாரம் ஆக்கியது அதைவிடப் பெரிய குறை. தாமதம் ஆவதை அவராகக் கூப்பிட்டுச் சொல்லவே இல்லை. நான் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் சொன்னார். கைத்திறமை எவ்வளவு இருந்தாலும், வாடிக்கையாளரைக் காத்திருக்க வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதை அவரிடமும் நேராகச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்.

எந்தத் தையல் கடைக்குப் போனாலும் நாற்காலியையும் விளக்கையும் பார்ப்பது என் பழக்கம். அங்கே இருவர் வேலை கற்றுக்கொண்டிருக்கிறார்கள்: ஒரு ஜூலு இளம்பெண், டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து வரும் ஓர் இளைஞர். விளக்கு நன்றாக இருக்கிறது, சன்னலும் உண்டு. கூலி எப்படி என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை தவறாமல் கிடைக்கிறது, வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பெயர் பதிந்திருக்கிறார்கள், பழுதுபார்க்கக் கற்ற ஒவ்வொரு மாதிரிக்கும் கூலியில் கொஞ்சம் கூட்டுகிறார்கள் என்று சொன்னார். அவர் உட்கார்ந்திருந்த முக்காலிக்கு மட்டும் ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார். இருபத்து நான்கு ஆண்டு முதுகுச் சாய்வில்லாத பெஞ்சில் உட்கார்ந்த எனக்கு, அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வர முடியவில்லை. கடைக்காரரிடம், “தம்பி, மிஷினுக்குப் பார்க்கிற அளவை இந்த முக்காலிக்கும் பாருங்கள்” என்றேன். அவர் முகம் சற்று மாறியது, ஆனால் மறுத்துப் பேசவில்லை. அடுத்த மாதம் என் அண்டை வீட்டு அம்மாளின் கை மிஷினோடு போனபோது, அந்தப் பெண் சாய்வுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, ‘ஜி’ எழுத்துள்ள அந்த அமெரிக்க மிஷினின் அடிப்பாகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பது முதல் மாலை நான்கு, சனிக்கிழமை மதியம் வரை. பாபின் கூட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அது இல்லாமல் அவரால் டென்ஷன் சரிபார்க்க முடியாது. நீங்கள் வழக்கமாகத் தைக்கிற துணியில் ஒரு துண்டையும் கொண்டுபோங்கள்.